அவைக்குறிப்பில் இல்லாத வார்த்தை

“எங்க அக்கா ஒண்ணுக்குப் போறதப் பத்தி நீ சட்டசபையில பேசப் போறியா?”

தையல்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். பாதி தைத்த சட்டைக்கை ஊசியில் மாட்டிக்கொண்டு அப்படியே தொங்கியது.

“போறதப் பத்தி இல்லைங்க. போக முடியாததப் பத்தி” என்றார் அவருடைய மனைவி, கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டே.

ஊருக்கெல்லாம் அவர் கண்டக்டரம்மா. பேருந்தில் வருஷக்கணக்காகச் சீட்டுக் கிழித்தவர். சில்லறை தராதவர்களையும் படியில் தொங்கினவர்களையும் ஒரே குரலில் மிரட்டியவர். தேர்தலில் நின்றபோது அந்தத் தடத்தில் ஏறினவர்களும் ஓட்டுப் போட்டார்கள், இறங்கினவர்களும் ஓட்டுப் போட்டார்கள். இப்போது சட்டமன்ற உறுப்பினர். குரல் மட்டும் இன்னும் பேருந்திலிருந்து இறங்கவில்லை.

“நாலு பேரு என்னைப் பாத்து சிரிப்பாங்கடி. கடைக்கு வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“அளவெடுங்க, பதில் சொல்லாதீங்க.”

உள்ளறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. நாத்தனார் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். காய்ச்சல் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. சான்றிதழ் அலுவலகத்தில் அவர் துப்புரவுப் பணியாளர். பிறந்தவர்களுக்கும் செத்தவர்களுக்கும் சான்றிதழ் தருகிற அந்தக் கட்டடத்தில், நடுவில் உயிரோடு இருப்பவர்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறைதான். அதன் கதவில் ‘அதிகாரிகளுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் நீளமான சுவர் இருந்தது.

அந்தக் கழிப்பறையைக் காலையும் மத்தியானமும் தேய்த்துக் கழுவுவது நாத்தனார்தான். ஆனால் அவர் அதைப் பயன்படுத்தக்கூடாது. கழுவப் போகலாம், போகப் போகக்கூடாது. ஒருமுறை அவசரத்துக்கு உள்ளே போய்விட்டு வந்தபோது, கண்காணிப்பாளர் எல்லார் முன்னாலும், “இன்னொரு தடவ டெட்டால் ஊத்திக் கழுவிட்டுப் போ” என்றார். அன்று முதல் நாத்தனார் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். அடக்கி அடக்கி, கடைசியில் மூத்திரப்பையில் புண்ணாகிக் குளிர்காய்ச்சலோடு வந்து விழுந்தார். வைத்தியம் பார்த்த டாக்டர், “அடுத்த தடவ சிறுநீரகத்துக்கே ஏறிடும்” என்று திட்டி அனுப்பியிருந்தார்.

“தம்பி சொல்றதும் நியாயந்தான்” என்றார் நாத்தனார். “நாலு பேரு என்ன நினைப்பாங்க?”

“அந்த நாலு பேரும் போயிட்டுத்தான் அண்ணி வந்து உக்காந்திருக்காங்க.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிவயிறு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே, “என் பேர மட்டும் இழுத்துடாதம்மா” என்றார்.

கண்டக்டரம்மா பேரை இழுக்கவில்லை. அவையில் அவருடைய கேள்விக்கு அமைச்சர் எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பதிலை வாசித்தார். “அனைத்து அரசு அலுவலகங்களிலும் அனைவருக்கும் சமமான கழிப்பறை வசதி உள்ளது. இதுகுறித்துப் பெண்களிடமிருந்து புகார் எதுவும் வரப்பெறவில்லை.”

மேசைகள் தட்டப்பட்டன. கண்டக்டரம்மா துணைக்கேள்விக்கு எழுந்தார்.

“புகார் குடுக்கணும்னா வரிசையில நிக்கணும். காலையில நின்னா மத்தியானம் ஆவுது. நடுவுல மூத்திரம் வந்தா எங்க போறதுன்னு மாண்புமிகு அமைச்சர் அவர்கள் சொல்வாரா?”

அவை திடுக்கிட்டது. பின்வரிசையில் ஒருவர் இருமினார். பேரவைத் தலைவர் மணியடித்தார்.

“அந்த வார்த்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.”

“எந்த வார்த்தைங்க ஐயா?”

தலைவர் வாயைத் திறந்தார், மூடினார். “அந்த... திரவம் சம்பந்தப்பட்ட வார்த்தை.”

“ரொம்ப நன்றிங்க ஐயா. குறிப்புலேருந்து நீக்கிட்டீங்க. அடிவயித்துலேருந்து நீக்க ஒரு இடம் காட்டச் சொல்லுங்க.”

எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று பார்க்காமல் சிரிப்பு பரவியது. அமைச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “உறுப்பினர் வதந்தி பரப்புகிறார்! எந்த அலுவலகம் என்று சொல்லட்டும். அடுத்த வாரமே நானே நேரில் வருகிறேன்.”

கண்டக்டரம்மா அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். பிறகு பழக்கதோஷத்தில், “ரைட்!” என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அமைச்சர் வரப்போகிறார் என்றதும் சான்றிதழ் அலுவலகத்துக்கு ஜுரம் வந்தது. நாத்தனாருக்கு ஜுரம் விட்டிருந்தது. வேலைக்குப் போய்த் திரும்பியவர், வாசலிலேயே செருப்பை உதறியபடி ஆரம்பித்தார்.

“கேட்டியா கூத்த? ‘அதிகாரிகளுக்கு மட்டும்’ பலகையக் கழட்டி பீரோ மேல போட்டுட்டாங்க. புதுசா ‘பெண்கள்’னு எழுதி மாட்டியிருக்காங்க. சோப்பு, துண்டு, ஒரு பூத்தொட்டி வேற. அமைச்சர் போன கையோட கழட்டிடணுமாம். அதனால ஆணியக்கூட லேசாத்தான் அடிச்சிருக்காங்க.”

கண்டக்டரம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“அப்ப அன்னைக்கு ஒரு பொழுது அது சட்டப்படி பெண்களோடது. என்ன அண்ணி?”

தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தார்.

“இத்தன வருஷமா நீ அங்க போனதே இல்லையாக்கா?”

“ஒரே ஒரு தடவடா. டெட்டால் ஊத்திக் கழுவச் சொன்னாங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு இயந்திரத்தை மிதித்தார். நூல் அறுந்தது. கோத்தார், மறுபடியும் அறுந்தது. யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நம்மகிட்ட தைக்கக் குடுத்த பொம்பளைங்க எல்லாருக்கும் நானே சொல்லிடறேன். அன்னைக்கு வரச் சொல்லி.”

அமைச்சர் வந்த வழியெல்லாம் வரவேற்பு. ஒவ்வொரு வரவேற்பிலும் ஒரு குவளை. பழச்சாறு, தேநீர், மறுபடி பழச்சாறு. மறுத்தால் தொண்டர்கள் மனம் நோகும். அலுவலகத்தில் இறங்கியதும் கண்காணிப்பாளர் தன் பங்குக்கு ஒரு குளிர்பானம் நீட்டினார். அதையும் குடித்துவிட்டு, கேமராக்களைக் கூட்டிக்கொண்டு கழிப்பறைக் கதவுக்கே போய் நின்றார் அமைச்சர்.

“நன்றாகப் பாருங்கள். பெண்கள் என்று எழுதியிருக்கிறது. இங்கே ஒரு ஆணும் நுழைய முடியாது. இதுதான் எங்கள் ஆட்சி!”

சான்றிதழுக்கு வந்தவர்கள், தையற்கடைக்கு வருகிறவர்கள், அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் தட்டச்சுப் பெண்கள் என்று ஒரு கூட்டமே கைதட்டியது. தட்டிய கையோடு வரிசையில் நின்றது. ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவர் உள்ளே போனார். வரிசை தாழ்வாரத்தைக் கடந்து, படியிறங்கி, பின்பக்கம் திரும்பி, நிழல் தேடி அந்த நீளமான சுவர் நெடுகிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

அமைச்சர் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். மூன்றாவது அறையில் பேச்சைச் சுருக்கினார். நான்காவது அறையில் காலை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு கண்காணிப்பாளரின் காதருகே குனிந்தார்.

“ஐயா, அது வந்து...” கண்காணிப்பாளருக்கு வியர்த்தது.

“என்னய்யா வந்து? அதிகாரிங்கள்லாம் எங்க போவீங்க?”

“இப்ப ‘பெண்கள்’னு போட்டிருக்கிறதுதாங்க ஐயா அது.”

இருவரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். கேமராக்களும் கூடவே வந்தன. வரிசையில் நின்ற பெண்கள் மரியாதையாகக் கும்பிட்டார்கள். ஆனால் ஒருவரும் நகரவில்லை. கண்காணிப்பாளர் பின்பக்கச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் கும்பிட்டார்கள்.

அமைச்சர் ஓட்டமும் நடையுமாகக் காரில் ஏறினார். வரிசையில் நின்றிருந்த கண்டக்டரம்மா கார்க் கண்ணாடியருகே போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்காம இருந்திருக்கணும் ஐயா. நாங்கல்லாம் அப்படித்தான் பண்றோம்.”

சைரன் அலறியது. பிரசவத்துக்குப் போகிற வண்டிகூட அந்த வேகத்தில் போய் அந்தச் சாலை பார்த்ததில்லை.

அரசு இயந்திரம் மெதுவாகச் சுழலும் என்பார்கள். இந்த விஷயத்தில் அது பறந்தது. ‘பெண்கள்’ பலகை அன்று சாயங்காலமே இறங்கியது. பழைய பலகை ஏறியது. அடுத்த சில வாரங்களுக்குள் தாழ்வாரத்தின் மறுகோடியில் புத்தம்புதுக் கழிப்பறை எழும்பிவிட்டது. பளிங்குத் தரை, சுவரளவு கண்ணாடி, வெந்நீர்க்குழாய். கதவில் பித்தளைத் தகடு: ‘மாண்புமிகு அமைச்சர்கள் மற்றும் மிக முக்கியப் பிரமுகர்களுக்கு மட்டும்’. நாத்தனாருக்குக் கழுவ இன்னொன்று கூடியது.

விஷயம் கேள்விப்பட்டுக் கண்டக்டரம்மா போனபோது, கண்காணிப்பாளர் சாவிக்கொத்தோடு எதிரே ஓடிவந்தார்.

“உங்க கேள்வியாலதாம்மா இந்த வசதியே வந்துது! நீங்க தாராளமா பயன்படுத்தலாம். நீங்களும் முக்கியப் பிரமுகர்தானே?”

“சாவியக் குடுங்க.”

கொடுத்தார். கண்டக்டரம்மா பூட்டைத் திறந்தார். ஆனால் உள்ளே போகவில்லை. திரும்பி, தாழ்வாரத்தில் வாளியும் துடைப்பமுமாக நின்ற நாத்தனாரைக் கூப்பிட்டார்.

“அண்ணி, வாங்க.”

“காலையிலேயே கழுவிட்டேனே” என்றார் நாத்தனார்.

“கழுவ இல்ல அண்ணி.”

நாத்தனார் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கதவில் மின்னிய பித்தளைத் தகட்டைப் பார்த்தார். சான்றிதழ் வரிசையில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். வெட்கத்தில் கழுத்துவரை சூடேறியது. ஒரு கணம் திரும்பிப் போய்விடுவார் போலத்தான் இருந்தது. பிறகு வாளியைக் கீழே வைத்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கண்காணிப்பாளர் வெளியே இருந்த துடைப்பத்தையும் மூடிய கதவையும் மாறிமாறிப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பாய்ந்துபோய்க் கதவைத் தட்டினார்.

“உனக்கு என்னம்மா வேல உள்ள? இது பெரிய மனுசங்க வர்ற இடம். வெளிய வா! முதல்ல வெளிய வா!”

மறுபடி தட்டினார், இன்னும் பலமாக.

உள்ளே குழாய் திறக்கும் ஓசை கேட்டது. வெந்நீர் வருவதற்காகக் காத்திருந்து, நிதானமாகக் கை கழுவும் ஓசை. அதற்கு மேலாக நாத்தனாரின் குரல், அவசரமே இல்லாமல் வந்தது.

“ஆள் இருக்கு.”