இச்சிக்கயிறு மாசக்கா

பிரதீபாவின் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். ஈப்போவில் கடைவரிசை ஒன்றின் இரண்டாம் மாடியில் நடந்த தனியார் கல்லூரி அது. ஜப்பானிய மொழித் தேர்வில் தேறினால் ஜப்பானில் முதியோர் இல்லத்திலோ தொழிற்சாலையிலோ வேலை கிடைக்கும் என்பதற்காகப் படிக்க வந்தவர்கள். தேர்வுத் தாளில் எழுபது, எண்பது வாங்கிவிடுவார்கள். வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் பதினான்கு பேரும் மேசையைப் பார்ப்பார்கள்.

தைப்பிங்கில் பிறந்து ஒசாக்காவில் நான்கு வருடம் படித்துவிட்டு வந்த ஆசிரியை பிரதீபா. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாடகம் போட வைக்கலாம் என்று முடிவு செய்தாள். பாடப்புத்தகத்திலேயே குட்டிக் குட்டி உரையாடல்கள் இருந்தன. உணவுக் கடையில், ரயில் நிலையத்தில், மருந்துக் கடையில் என்று. முதல் நாள் பவித்ரன் கடைச் சிப்பந்தியாக வந்தான். நல்ல உயரம், வாட்டசாட்டமான பையன். பிளாஸ்டிக் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் வசனத்தை மளமளவென்று ஒப்பித்தான். "வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்" என்ற குறிப்பையும் சேர்த்து ஒப்பித்தான். உள்ளே மட்டும் போகவில்லை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பிரதீபாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இவர்கள் பேசுவது பேச்சே இல்லை, சத்தம்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தாள். ஆளுக்கு ஒரு ஜப்பானியச் சொல்லை அவரவர் வீட்டிலிருந்து கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்.

திங்கட்கிழமை மோட்டார் சைக்கிள் பெயர், சோறு வேக வைக்கும் பாத்திரத்தின் பெயர், கார்ட்டூன் பெயர் என்று வரிசையாக வந்தன. கடைசி வரிசையில் இருந்த தினேஸ்வரி தயங்கித் தயங்கி எழுந்தாள். லகாட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் அவள். அவள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறியதும் லகாட்டில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"டீச்சர், இது ஜப்பான் பாஷையான்னு தெரியல. எங்கப்பா சொல்றதுலா. வீட்டுல யாராச்சும் வெளிய கிளம்புனா வாசல்ல நின்னுக்கிட்டு, 'இச்சிக்கயிறு மாசக்கா'ம்பாரு."

வகுப்பு சிரித்தது.

"அப்படின்னா என்ன?" என்று பிரதீபா கேட்டாள்.

"தெரியாது டீச்சர். அப்பாவுக்கும் தெரியாது. மாசோக்குன்னா மலாய்ல உள்ள வர்றதுதானே, அந்த மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவரோட ஆயா, எங்க கொள்ளுப்பாட்டி நல்லம்மாள் சொல்லிக்கிட்டே இருக்குமாம். ஜப்பான்காரன் காலத்துல கத்துக்கிட்டதுன்னு மட்டும் சொன்னாங்களாம்."

"இன்னொரு தடவ சொல்லு."

தினேஸ்வரி சொன்னாள். பிரதீபா வெண்பலகைப் பேனாவைக் கீழே வைத்தாள். கயிறும் இல்லை, மாசு அக்காவும் இல்லை. எண்பது வருடம் மூன்று தலைமுறை வாயில் உருண்டு தேய்ந்துபோன ஒரு வாக்கியம் அது. 'இட்சு கயேரிமாஸ் கா.' எப்போது திரும்பி வருவார்?

அதை அவள் தமிழில் சொன்னாள். தினேஸ்வரி நின்றபடியே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க கொள்ளுத்தாத்தாவ ஜப்பான்காரங்க சயாம்ல ரயில் பாதை போடப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர். மூணு மாசம்னு சொல்லி. திரும்பி வரல."

அன்று மாலை அவள் அப்பாவிடம் கேட்டு, கிடைத்ததை எல்லாம் மறுநாள் கொண்டுவந்தாள். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிக்குக் கொஞ்சம் ஜப்பானிய மொழி தெரிந்திருந்தது. நல்லம்மாள் அவரிடம் போய், எனக்கு ஒரே ஒரு கேள்வி சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டாள். அதை மனப்பாடம் செய்துகொண்டு, இடுப்பில் ஒரு பிள்ளையும் வயிற்றில் ஒரு பிள்ளையுமாக ரயில் நிலையத்துக்கு நடந்து போனாள். அங்கே நின்ற ஜப்பானியச் சிப்பாயிடம் கேட்டாள். அவன் ஏதோ பதில் சொன்னான். அந்தப் பதில் அவளுக்குப் புரியவில்லை. கேள்வியைத்தான் கற்றிருந்தாளே தவிர, பதிலைக் கற்கவில்லை.

"இதையே நாடகமா போடலாம் டீச்சர்" என்று சொன்னது பவித்ரன்தான்.

அதன் பிறகு வகுப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. இதுவரை பிரதீபா சொற்களைக் கொடுப்பாள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். இப்போது அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ரப்பர் பாலுக்கு என்ன சொல்வது? பசியோடு போனார் என்பதை எப்படிச் சொல்வது? 'ஏமாத்திட்டாங்க'ன்னு சொல்ல என்ன வினைச்சொல்? தமிழைப்போலவே ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். 'வீட்டுக்குப் போனேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வைக்கலாம். இதைப் பிரதீபா முதல் மாதமே சொல்லியிருந்தாள். அப்போது யார் காதிலும் ஏறவில்லை. இப்போது சீனி என்ற பையன், "டேய், நம்ம பாஷ மாதிரியே இருக்குடா!" என்று தானே கண்டுபிடித்தவன்போலக் கத்தினான். பிரதீபா மறுத்துப் பேசவில்லை.

ஒத்திகை தொடங்கி ஐந்தாம் வாரம் கல்லூரி முதல்வர் சதாசிவம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர்.

"டீச்சர், கதை கேள்விப்பட்டேன். நாடகத்துக்கு யார் வாராங்க தெரியுந்தானே? ஈப்போவுல தங்கியிருக்கிற ஜப்பான்காரங்க பத்துப் பன்னெண்டு பேரு. எல்லாம் வயசானவங்க. வேலைக்கு ஆளெடுக்கிற கம்பெனிக்காரரும் வாராரு. விருந்தாளிகள முன்னால உக்கார வச்சிக்கிட்டு இதப் போயி போடணுமா? ஒரு கல்யாணக் கதை, சாப்பாட்டுக் கதை போடக்கூடாதா?"

"திட்டுற கதை இல்ல சார். ஒரு பொண்ணு ஒரு கேள்வி கேக்குது. அவ்வளவுதான்."

"அவங்க மனசு நோகாதா?"

அதே கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. வேறு கதை போடலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தாள். தினேஸ்வரியின் முகம் சின்னதாகிவிட்டது. பிரதீபா மறுநாள் முதல்வரிடம் போய், எது நடந்தாலும் பொறுப்புத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாடகம் ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஈப்போ மலைகளை மறைத்துக்கொண்டு மழை கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் அறுபது நாற்காலிகள். முன்னால் ஜப்பானிய விருந்தினர்கள், பின்னால் பெற்றோர்கள். தினேஸ்வரியின் அப்பா பத்துமலை, போர்க்லிப்ட் ஓட்டும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கம்பெனிச் சட்டையோடு கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிரதீபா மேடைக்குப் பக்கவாட்டில், யாராவது வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கத் தாள்களோடு நின்றாள்.

முதல் இரண்டு காட்சிகள் நன்றாகவே போயின. ஒப்பித்தார்கள்தான், ஆனால் தெளிவாக ஒப்பித்தார்கள். விருந்தினர்கள் தலையசைத்தார்கள். மூன்றாவது காட்சி ரயில் நிலையம். தினேஸ்வரி சேலைத் தலைப்பில் ஒரு துணிப் பொம்மையைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பவித்ரன் சிப்பாய். அவள் அவன் முன்னால் நின்று, தலையைத் தாழ்த்தி, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"மூன்று மாதத்தில் வந்துவிடுவார், கவலைப்படாதே" என்பது அவன் வசனம்.

பவித்ரன் பேசவில்லை.

பிரதீபா தாளைப் பார்த்து மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தாள். அவன் காதில் விழுந்தது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. முன் வரிசையில் சதாசிவம் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

தினேஸ்வரி மறுபடியும் கேட்டாள். பதில் இல்லை. அவள் திரும்பி பிரதீபாவைப் பார்ப்பாள் என்று பிரதீபா எதிர்பார்த்தாள். அவள் பார்க்கவில்லை. எழுதி வைக்காத ஒன்றைப் பேச ஆரம்பித்தாள்.

"காலையில் சாப்பிடவில்லை" என்றாள் ஜப்பானிய மொழியில். "என் கணவர். சாப்பிடாமல் போனார்." கொஞ்சம் நிறுத்தினாள். சொல்லைத் தேடினாள். "சட்டை ஒன்றுதான். அங்கே மழையா? அங்கே குளிரா?" இடைச்சொல் ஒன்று தவறி விழுந்தது. அவள் கவலைப்படவில்லை. "குழந்தை கேட்கிறது. நான் என்ன சொல்ல? நீங்கள் சொல்லுங்கள். தயவு செய்து சொல்லுங்கள்."

பவித்ரன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தினேஸ்வரி அவனை விட்டு விலகி மேடையின் விளிம்புக்கு வந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அதே கேள்வியை அவர்களிடமே கேட்டாள். எப்போது திரும்பி வருவார்?

பிரதீபா தாள்களை மடித்தாள். இது மனப்பாடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பதில் வேண்டும். அதற்காகப் பேசுகிறாள். ஏழு மாதமாகத் தான் சொல்லிக்கொடுத்த மொழியை முதல் முறையாக யாரோ பேசிக் கேட்பதுபோல இருந்தது அவளுக்கு.

அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு மூதாட்டி எழுந்தார். மொரிகாவா என்று பெயர். கணவர் இறந்த பிறகும் ஈப்போவிலேயே தங்கிவிட்டவர். சிறிய உருவம், வெள்ளை முடி. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியவில்லை" என்றார் ஜப்பானிய மொழியில். "மன்னித்துவிடுங்கள். உண்மையிலேயே தெரியவில்லை." இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். வெகு நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கேட்டார்: "அவருடைய பெயர் என்ன?"

பெயர் என்ன. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்து முதல் வாக்கியம். ஆயிரம் தடவை பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுச் சலித்த கேள்வி. அதற்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று பிரதீபா நினைத்துப் பார்த்ததே இல்லை.

நாடகத்தில் அந்தக் கணவனுக்கு மருதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். தினேஸ்வரி அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

"பிச்சைமுத்து" என்றாள்.

"பிச்சைமுத்து சான்" என்றார் மொரிகாவா அம்மா. அந்தப் பெயர் அவர் வாயில் உடையாமல் முழுசாக வந்தது. அந்த மரியாதைச் சொல்லோடு அதைக் கேட்டபோது பின் வரிசையில் ஒரு நாற்காலி உரசும் சத்தம். பத்துமலை எழுந்து நின்றுவிட்டார். ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் தன் தாத்தாவின் பெயர் அவருக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு நாடகம் நடக்கவில்லை. நான்காவது காட்சிக்கு வேஷம் போட்டவர்கள் வேஷத்தோடே இறங்கி வந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. மொரிகாவா அம்மா நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல நடந்து பின்பக்கம் போனார். தினேஸ்வரி இடுப்புப் பொம்மையோடு கூடவே ஓடினாள்.

"அப்பா, இவங்க கேக்குறாங்க, தாத்தாவுக்கு அப்ப எத்தன வயசு?"

"இருவத்தாறு" என்றார் பத்துமலை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆயா எவ்ளோ நாளு காத்திருந்துச்சுன்னு கேட்டா, சாகுற வரைக்கும்னு சொல்லும்மா. அப்புறம், இவங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லன்னும் சொல்லு. இவங்க அப்ப பொறந்தே இருக்க மாட்டாங்க."

பிரதீபா உதவலாம் என்று ஓரடி முன்னால் வைத்தாள். 'சாகும் வரை' என்று சொல்லும் முறையை அவள் இன்னும் நடத்தவில்லை. தினேஸ்வரி ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு, "கடைசி நாளிலும் வாசலைப் பார்த்தார்" என்று தனக்குத் தெரிந்த சின்னச் சொற்களை வைத்துச் சொன்னாள். மொரிகாவா அம்மா பத்துமலையின் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிரதீபா வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

மேடைப் படியில் பவித்ரன் சிப்பாய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மறந்துட்டியா பவித்ரன்?"

"மறக்கல டீச்சர்." அவன் கண் சிவந்திருந்தது. "மூணு மாசம்னு சொல்லணும். அது பொய்தானே. ஒத்திகையில அது வெறும் வசனமா இருந்துச்சு. இன்னிக்கு அதோட அர்த்தம் வாய்லயே நின்னுடுச்சு. சொல்ல வரல டீச்சர். மாப் டீச்சர், மன்னிச்சிருங்க."

அவள் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் தட்டோடு நின்ற பையன்தான் இவன் என்று நம்ப முடியவில்லை.

மண்டபத்தைப் பார்த்தாள். யாரும் கிளம்பவில்லை. சீனி ஒரு ஜப்பானியப் பெரியவரிடம் கையை ஆட்டி ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அங்கங்கே தப்பும் தவறுமாகக் கேள்விகள், பதில்கள். சதாசிவம் அவளிடம் வந்தார். "அந்தம்மா என்ன கேட்டாங்க டீச்சர்?" என்றார். அவள் சொன்னாள். அவர் கைக்குட்டையை மறுபடியும் எடுத்தார். இந்தத் தடவை நெற்றிக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொரிகாவா அம்மா வாடகைக் காரில் லகாட்டுக்குப் போய்விட்டு வந்தார். பத்துமலை வீட்டில் மதியச் சாப்பாடு. நல்லம்மாளின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினாராம். இதெல்லாம் பிரதீபாவுக்குத் திங்கட்கிழமை வகுப்பில்தான் தெரிய வந்தது. மொழிபெயர்க்க அவளை யாரும் கூப்பிடவில்லை. தினேஸ்வரி வகுப்பின் முன்னால் நின்று, ரசம் காரமாக இருந்ததிலிருந்து திரும்பும்போது கார் வர நேரமானது வரைக்கும், எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியிலேயே சொன்னாள். பதின்மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பவித்ரன் கை தூக்கி ஒரு கேள்வி கேட்டான், அதுவும் ஜப்பானிய மொழியில்தான். பிரதீபா கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.