வயதுக்குத் தைத்த சீருடை

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று போன வருடம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்தது. எங்கோ தைத்துப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனதுதான் என் வயிற்றில் அடித்தது. சீருடையை நம்பித்தான் என் தையல் கடை ஓடியது. இரண்டாவது மெஷினில் தைத்த என் நாத்தனார் இப்போது விடுதியில் பாத்திரம் தேய்க்கிறாள். உறை போட்டுக் கிடக்கும் அவள் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதிலும் வயதை வைத்து அளவு போட்டிருந்தார்கள். எட்டு வயதென்றால் எல்லோரும் ஒரே உயரமாம். ஒருத்தியின் பாவாடை தெருவைக் கூட்டியது, இன்னொருவனுக்குப் பொத்தானே பூட்டவில்லை.

இந்த வருடம் அந்த நிறுவனத்தின் திட்ட அதிகாரி நேரில் என் கடைக்கு வந்தார். தவறிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்களாம். என்ன பாடம் என்று கேட்டதும் புத்தம்புது அளவு நாடா ஒன்றை மேசைமேல் வைத்தார். பிள்ளைகளுக்கு நான் அளவெடுத்துக் கொடுத்தால், அங்கே கச்சிதமாகத் தைத்து அனுப்பிவிடுவார்களாம். எனக்குக் கூலியும் உண்டாம். என் குழிக்கு நானே அளவெடுக்க வேண்டும்!

"அளவு தப்பினது சின்ன விஷயம் சார். இங்க யார் தைச்சிட்டிருந்தாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அளவெடுக்கிறவதான் தைப்பா. துணியா அனுப்புங்க."

அதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அளவெடுக்க எனக்கு மனமில்லை என்றேன். நாடாவை எடுத்துக்கொண்டு நேராக எதிரே இருந்த தையல் கடைக்குப் போனார்.

எதிர்க்கடைக்காரருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். என் படியேறப் போகிறவர்களைக் கூவி இழுக்கிற ஆள். அவரும் ஒரு வருடமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கூலி என்றதும் மனுஷன் தலையாட்டிவிடுவார், என் வீறாப்பு வீணாய்ப் போகும் என்று பயந்தேன். கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்கு வந்து நின்றேன்.

அதிகாரி வெளியே வந்தார். நாடா அவர் கையிலேயே இருந்தது. பின்னாலேயே எதிர்க்கடைக்காரரும் வாசலுக்கு வந்தார்.

"அந்தம்மா போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு சார். எனக்கும் அதே பேச்சுதான். துணி வந்தா ரெண்டு கடையும் சேர்ந்து தைக்கும்."

அதிகாரி நடுத்தெருவில் நின்று போனில் மேலிடத்தை அழைத்தார். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் காத்திருக்கவில்லை. உள்ளே போய் நாத்தனார் மெஷினின் உறையை உருவிப் போட்டுவிட்டு எண்ணெய் விட ஆரம்பித்தேன்.