கணினிக்குத் தைத்த அங்கி

மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது சுக்ரி தன் கடையில் எங்கள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டார். தொழுது, சாப்பிட்டு, பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை போட்டுச் சமாதானமாகி, எங்களுக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தார். அதுவரைக்கும் அது அணையவே இல்லை. நானும் என் கணவர் ஷவ்கத்தும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்கள் போல அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பாத்தீங்களா ஹாஜியம்மா, குதிரை மாதிரி ஓடுது," என்றார் சுக்ரி.

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலை தம்பி."

"இப்படி ஒரு மெஷினை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் பொறுமையா இருந்திருக்கீங்களே, அதுக்கே பாதி நன்மை எழுதியிருப்பாங்க."

எங்கள் மகள் ரிஹாப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவள் கல்யாணமாகி தும்யாத் ஊருக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் எங்களோடு இம்பாபா பேட்டையிலேயே தங்கிவிட்டது. எப்போதாவது கரண்ட் பில் பார்க்கவும் பேரனின் படங்களைப் பார்க்கவும் போடுவோம். போன குளிர்காலத்தில் ஷவ்கத் படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். வருஷம் முடியும்வரை மைக்ரோபஸ் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். நான் அரபி சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோய், என்னையும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் நெர்மீன் என்ற பெண் போன் செய்தாள். குவைத்தில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் அரபி கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறாளாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒரு மணி நேரம் சோதனை வகுப்பு. "போன்ல முடியாது அக்கா. பாடப் பக்கமும் பிள்ளைங்க முகமும் சேர்ந்து தெரியணும். நடுவுல அறுந்துபோனா பெத்தவங்க அடுத்த டீச்சரைத் தேடிப் போயிடுவாங்க. அதையும் சொல்லிடறேன்," என்றாள்.

எங்கள் கம்ப்யூட்டரோ, வீடியோவைப் போட்டாலே எதிரில் இருப்பவர் முகத்தைக் கல்லாக்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் தானே அணைந்தும் போகும். அந்த வகுப்பு கிடைத்தால்தான் ஷவ்கத்தின் கால் ஆறும்வரை யாரிடமும் கைநீட்டாமல் எங்கள் குடும்பம் ஓடும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

புதிது வாங்குவது பற்றிப் பேச்சே கிடையாது. சீட்டில் எங்கள் முறை வந்திருந்தது. வாடகைக்கும் மருந்துக்கும் ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தேன். சுக்ரி நினைத்திருந்தால் ஏதாவது பழைய பெட்டியைப் புதுசு மாதிரி துடைத்து எங்கள் தலையில் கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "ரேம் மட்டும் மாத்திக்கோங்க. முகம் நிக்கிறதுக்கு அதுதான் காரணம். இதே மாதிரி மெஷின்ல இருந்து கழட்டினது ஒண்ணு இருக்கு," என்றார். ஷவ்கத் பஸ் ஸ்டாண்டில் பேரம் பேசுவது போலப் பேசினார். சுக்ரியும் மனைவி மக்களையெல்லாம் பேச்சில் இழுத்தார். கடைசியில் கைக்குட்டையில் இருந்ததற்குள் முடிந்தது.

மூடியைத் திறந்து தூசி ஊதும்போது சுக்ரி இருமினார். "இம்பாபாவுல பாதியை உள்ளே வெச்சிருக்கீங்க." மூடியின்மேல் கம்பெனியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் இருப்பதைப் பார்த்து, "இதை உரிச்சிடவா?" என்று கேட்டார்.

"வேணாம் வேணாம். புதுசு கெடாம இருக்கட்டும்," என்றார் ஷவ்கத்.

சுக்ரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் வீட்டு டிவி ரிமோட்டும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் பெட்டி கடைக்கு வந்ததே ஓர் உறைக்குள்தான். பூப்போட்ட துணியில் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, கழுத்து முதல் கால் வரை மூடும் அங்கி. அதைச் சுக்ரி கழற்றி மடித்து, ஷவ்கத்தின் முழங்காலுக்கு அடியில் மெத்தையாக வைத்திருந்தார். அவர் கடைக்கு வருகிற பெட்டியெல்லாம் ஏதாவது போர்வைக்குள்தான் வரும். வழிக்குச் சுற்றிக்கொண்டு வந்தது என்று நினைத்திருப்பார். நாங்களும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அங்கியைத் தைத்தது என் நாத்தனார் இஃதிமாத். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. தெருவில் பாதிப் பெண்களின் உடைகள் அவர் தையல் மெஷினில்தான் பிறந்தவை. கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்தே அதற்கு ஒரு மெல்லிய உறை போட்டிருந்தார். இந்த வருஷம் பாலைக்காற்று வழக்கத்தைவிட மோசமாக அடித்து, வீடெல்லாம் மஞ்சள் மண். உடனே தன் கல்யாண மெத்தைவிரிப்பை வெட்டி இந்தப் பஞ்சு அங்கியைத் தைத்துவிட்டார். போடுவதற்கும் அணைப்பதற்கும் கழற்ற வேண்டியதில்லை. பொத்தானுக்கு நேராக ஒரு சின்ன துவாரம், பின்னால் ஒயர்களுக்கு ஒரு துவாரம். நெற்றியில் கண்ணேறு படாமல் இருக்க ஒரு நீலமணி.

திங்கட்கிழமை சாயங்காலம் நாங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியதும், அண்ணி மேலே வந்து முதல் வேலையாக அதற்கு அங்கியை மாட்டினார். "பட்டணமெல்லாம் சுத்திட்டு வந்திருக்கு. சளி பிடிச்சிடும்."

மறுநாள் ரிஹாபைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தேன். அவள் முகம் நிற்கவில்லை, பேச்சு திக்கவில்லை. சுக்ரிக்கு துஆ செய்துகொண்டே பேரனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை இருண்டது. மறுபடி போட்டேன். முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது.

ஷவ்கத் சுக்ரிக்குப் போன் செய்தார். "அண்ணே, என் கண்ணு முன்னாடி மதியம் பூரா ஓடுச்சு. உங்க வீட்டு கரண்ட்ல ஏதோ இருக்கு," என்றார் அவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஷவ்கத் பக்கத்து அறை பிளக்கில் மாட்டிப் பார்த்தார். அங்கேயும் அணைந்தது.

"கரண்டும் இல்லை, ஒண்ணும் இல்லை," என்றார் அண்ணி. "போன வாரம் எதிர்வீட்டு உம்மு ஸாபிர் வந்தாளே, ஞாபகம் இருக்கா? 'உங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, கொடுத்து வெச்சவங்க'ன்னு சொன்னா. மாஷா அல்லாஹ்னு ஒரு வார்த்தை சொன்னாளா?"

"அவங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க அண்ணி."

"மனசுல வெச்சுக்கலை. கண்ணுல வெச்சிருக்கா."

கண்ணேறு உண்டு என்று நம்புகிறவள்தான் நான். ஆனாலும் நம் வீட்டில் நடப்பதையெல்லாம் எதிர்வீட்டுக்காரி தலையில் போடுவது சுலபமாகத்தான் இருக்கும், அதனாலேயே அதில் பயம் வேண்டும் என்றும் நினைக்கிறவள். புதன்கிழமை அண்ணி சாம்பிராணித் தட்டோடு வந்து கம்ப்யூட்டரை ஏழு சுற்றுச் சுற்றினார். படியில் எதிர்ப்பட்ட உம்மு ஸாபிருக்கு ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் போனாராம். அந்தப் பெண் என்னிடம் வந்து, "உங்க அண்ணிக்கு உடம்பு சரியில்லையா? முகம் வாடியிருந்துச்சே," என்று கேட்டபோது எனக்குத்தான் தலை குனிந்தது.

சாம்பிராணித் தட்டிலிருந்து ஒரு துண்டு கரி அங்கியின்மேல் விழுந்து கறையாகிவிட்டது. வியாழன் காலையில் அண்ணி அதைக் கழற்றித் துவைத்து பால்கனியில் போட்டார். அன்றைக்குப் பின்மதிய அஸர் தொழுகைக்குப் பிறகு நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஓடியது.

"எப்படி?" என்றார் அண்ணி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "சுக்ரியாம் சுக்ரி. ரேமாம். ரெண்டு துண்டு சாம்பிராணி செஞ்ச வேலை."

"நாளைக்கு உன்னைக் கொண்டுபோய் அவன் கடையில உக்கார வெச்சிடறேன் அக்கா. நல்ல கூலி கொடுப்பான்," என்றார் ஷவ்கத். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பல நாட்களுக்குப் பிறகு அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முலூக்கிய்யாக் கீரைக் குழம்பு வைத்தேன்.

சாப்பிடும் முன் இன்னொரு முறை பாடப் பக்கங்களைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அண்ணி காய்ந்த அங்கியை மாட்டிவிட்டு, நீலமணியை நேராக்கிக்கொண்டு நின்றார். சோறு வேகும் நேரம்கூட ஆகவில்லை. திரை இருண்டது.

நான் கையை நீட்டி அங்கியைத் தொட்டேன். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல இருந்தது. அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. சுக்ரியின் கடையில் அங்கி இல்லை. இன்றைக்கு மாலையிலும் இல்லை. பாவம், அது மூச்சு முட்டிச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. தூசி படக் கூடாது என்று நாங்கள் அதை இறுக்க மூடி வைத்திருந்தோம்.

அண்ணி என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "மறுபடியும் போச்சா?" என்றார் மெதுவாக. அவர் விரல் இன்னும் அந்த நீலமணியின் மேல் இருந்தது.

கல்யாண மெத்தைவிரிப்பை வெட்டித் தைத்த அங்கி அது. மகளின் மெஷின், மகளின் மெஷின் என்று அவர் சொல்வார். என் மகளைத்தான் அப்படிச் சொல்கிறார். உங்கள் அன்புதான் இதை அணைக்கிறது என்று ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? பொய்யும் சொல்லக் கூடாது. "கேமராவுக்கு நல்லா இல்லை, கழட்டிடலாம்" என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நாளை வகுப்பு, இன்று இரவு ஒரு பொய். அதில் இறைவனின் பரக்கத் இருக்காது என்று தோன்றியது.

"காலையில பாத்துக்கலாம் அண்ணி. சாப்பிட வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

இரவு இஷா தொழுதுவிட்டு, ரப்பே, எனக்குப் புண்படுத்தாத ஒரு வார்த்தையைக் கொடு என்று கேட்டேன். தூங்கும்வரை அந்த வார்த்தை வரவில்லை.

விடிந்ததும் கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிடுவது என்று சுபுஹு தொழுகை முடித்து எழுந்தேன். முன்னறையில் கத்தரிச் சத்தம் கேட்டது. அண்ணிக்கு எங்கள் வீட்டுச் சாவி உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த அங்கியை மடியில் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். பஞ்சு சுற்றிலும் பறந்துகொண்டிருந்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"தெரியலையா? கோழி உரிக்கிறேன்." தலை நிமிரவில்லை. "ஏண்டி பஹீஜா, நாப்பது வருஷமா துணி தைக்கிறவ நான். துணி சூடாறது எனக்குத் தெரியாதா? நேத்து அந்த மணியை நேராக்கினப்போ என் விரல் சுட்டுது."

"நேத்தே தெரியுமா?"

"உனக்கும்தான் தெரியும். உன் முகத்தைப் பார்த்தேன். அஜீரணம் வந்த ஒட்டகம் மாதிரி நின்னே. சொல்ல மாட்டேன்னு தெரியும். சரி, ஜும்ஆ நாளாச்சே, உனக்கு ஏன் அந்தப் பாரம்னு நானே வந்துட்டேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் இரவெல்லாம் கேட்ட வார்த்தையைப் படைத்தவன் எனக்குக் கொடுக்கவில்லை. எனக்கு முன்னாலேயே அதை அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டான்.

"மெத்தைவிரிப்பை வீணாக்கிட்டோமே அண்ணி."

"அதுக்கு மாப்பிள்ளையே இல்லை, மெத்தைவிரிப்பு எதுக்கு? விடு." கண்ணைத் துடைத்தார். பஞ்சு பட்டதாக இருக்கலாம். "முழு அங்கி இதுக்கு ஆகாது. தலையில ஒரு தொப்பி போதும். ராத்திரி தூங்கும்போது மட்டும் போர்த்திவிடு."

பிறகு அவர் எழுந்து மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்து, பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, அத்தனை வருஷப் பிளாஸ்டிக் தாளையும் சரசரவென்று உரித்தார். அதன் அடியில் மூடியின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அவை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டுக் கண்விழித்து வந்த ஷவ்கத் வாசலில் நின்று, நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"புதுசா இருந்துச்சே அக்கா."

"இப்போதான் தம்பி புதுசு."

ஜும்ஆ முடிந்து ஆண்கள் திரும்பும் நேரத்தில் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். திரையில் நெர்மீன், அவளுக்குப் பக்கத்துச் சதுரத்தில் லமார், அனஸ் என்ற அக்காவும் தம்பியும். நான் 'பா' எழுத்தைக் காட்டினேன். அதற்குக் கீழே ஒரு புள்ளி. அனஸ் அது யார் தின்றுவிட்டுத் துப்பிய விதை என்று கேட்டான். லமார் அவனை அதட்டினாள். நான் சிரிப்பை அடக்கவில்லை. அண்ணி கேமராவில் படாமல் மெஷினுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து, ஓட்டைகளுக்கு நேராக உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் தாண்டியபோது அவரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். மூச்சு விடுகிறது என்று உதட்டால் சொன்னார்.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் கையாட்டிவிட்டு மறைந்தார்கள். நெர்மீன் மட்டும் திரையில் இருந்தாள். "ஞாயித்துக்கிழமையில இருந்து வாரம் நாலு வகுப்பு அக்கா. அனஸ் அம்மாவே கேட்டாங்க. உங்க லைன் ரொம்ப நல்லா இருக்கு, என்ன மெஷின் அது, புதுசா?"

"பழசுதாம்மா. மூச்சு விட விட்டோம்," என்றேன்.

திரையை அணைத்துவிட்டு அப்படியே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். நிமிர்ந்தபோது ஷவ்கத் சுவரில் சாய்ந்து, கைத்தடியைக் கட்டிக்கொண்டு நின்றார். குளிர்காலத்துக்குப் பிறகு அவர் தோள்கள் அப்படிப் பாரம் நீங்கி இருந்து நான் பார்த்ததில்லை.

அண்ணி சமையலறையில் சோறு அடைத்த மஹ்ஷியை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வைத்ததைவிடப் பெரிய தட்டு.

"யாருக்கு அண்ணி?"

"எதிர்வீட்டு உம்மு ஸாபிருக்கு." முக்காட்டு நுனியால் தட்டின் விளிம்பைத் துடைத்தார். "அந்தப் பொம்பளை கண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை. ஸலாமுக்குப் பதில் சொல்லாம வந்துட்டேன். கடன் மாதிரி நெஞ்சுல நிக்குது."

"என்ன சொல்லிக் கொடுப்பீங்க?"

"என்ன சொல்றது. ஸலாம் சொல்வேன். அவ தின்பா." வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்தப் பஞ்சுத் துண்டெல்லாம் எடுத்து வை. ஷவ்கத் முட்டிக்கு ஒரு தலையணை தெச்சுடறேன். அதுக்காவது மூச்சு முட்டாது."