கலைவாணியின் பெயரில்

"துப்புடி."

குப்பம்மா சளிப் பரிசோதனைக்கான பிளாஸ்டிக் டப்பாவை மருமகளின் மோவாய்க்குக் கீழே நீட்டினாள். பூவிழி பின்வாங்கினாள். முதுகில் சுவர் இடித்தது.

"இது கலைவாணி பேர் எழுதுன டப்பா, அத்த."

"எனக்குத் தெரியாதா இன்னா? நிச்சயம் பண்ண பொண்ணு அவ. டிபின்னு ஒரு வார்த்த வெளிய போச்சுனா, எளாவூர் மாப்ள தாம்பூலத்தத் திருப்பி அனுப்பிடுவான். நீ கல்யாணம் ஆனவதானே, உனக்கு இன்னா கெட்டுடும்? துப்பு."

உள்ளறையில் நாத்தனார் கலைவாணி இருமினாள். கிளம்ப மறுக்கும் படகு இன்ஜின் மாதிரி விட்டுவிட்டு வந்தது சத்தம். மாதக்கணக்கில் அவளுக்கு நெஞ்சில் தைலம் தேய்த்து, உப்புக் காற்று வராமல் ஜன்னலைச் சாத்திய அந்த அறையில் கூடவே படுத்துக்கொண்டவள் பூவிழிதான். தனக்கும் கொஞ்ச நாளாக இருமல். இறால் கருவாட்டுத் தூசி என்று நினைத்திருந்தாள்.

"இருமல்ல கூடவா கஞ்சத்தனம்? நல்லா நெஞ்சுலேர்ந்து எடு."

கல்யாணமாகி மூன்று வருஷம், வயிற்றில் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் மறுத்துப் பேசும் தகுதி பூவிழிக்கு இன்னும் வரவில்லை. இருமினாள். துப்பினாள்.

சுகாதாரப் பணியாளர் ஜெபசெல்வி பரிசோதனை முடிவோடு ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவுக்கு வந்தபோது, பூவிழியின் புருஷன் ரஞ்சித் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கலைவாணிக்கு டிபிதாம்மா. பயப்படாதீங்க. ஆறு மாசம் விடாம மாத்திரை போட்டா குணமாயிடும்."

குப்பம்மாவின் முகம் வெளுத்தது. அடுத்த நொடியே பளிச்சென்று தெளிந்தது. அந்தத் தெளிவைப் பூவிழி பார்த்தாள். சாகும் வரை மறக்க மாட்டாள்.

"அய்ய, அது எம் பொண்ணுது இல்லம்மா. மருமவளுது."

நடந்ததைக் கேட்ட ஜெபசெல்வி முடிவுச் சீட்டில் இருந்த பெயரை மறுபடி பார்த்தாள். பிறகு, "பூவிழி ஆஸ்பத்திரிக்கு வரட்டும், இன்னொரு தடவ பாத்துட்டு மாத்திரை ஆரம்பிச்சிடலாம். கலைவாணி சளியும் வேணும். இவளுக்கு அவகிட்டேர்ந்துதான் வந்திருக்கணும்" என்றாள்.

"அவளுக்கு இருமல் நின்னுடுச்சு. இவள அம்மா வூட்டுக்கு அனுப்பிடறோம். தட்டு, சொம்பு எல்லாத்தயும் ஏரில வீசிடறோம்."

"தட்டுல ஒட்டாதும்மா, இது காத்துல பரவுறது. ஜன்னலத் தொறந்து வைங்க. மாத்திரை ஆரம்பிச்சா சீக்கிரமே பரவுறது கொறஞ்சிடும். யாரையும் எங்கயும் அனுப்ப வேணாம்."

பூவிழி புருஷனைப் பார்த்தாள். ரஞ்சித் வலையிலிருந்து தலையெடுக்காமலே சொன்னான்: "கொஞ்ச நாள்தானே. போய்ட்டு வா."

அன்று சாயங்காலமே இரண்டு பெண்களும் அந்த வீட்டை விட்டுப் போனார்கள். பூவிழி கடலோரக் குப்பத்துத் தாய் வீட்டுக்கு. கலைவாணி, ஜெபசெல்வி கண்ணில் படாத தூரத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு.

பூவிழி மாத்திரை விழுங்கினாள். வாந்தி எடுத்தாள், மறுபடியும் விழுங்கினாள். உடம்பு தேறியது. கலைவாணி கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. நோய்க்காரி பந்தலில் நிற்கக் கூடாதாம்.

மாத்திரை முடிகிற மாதத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. குப்பம்மா இறங்கினாள். பின்னால் இறங்கிய பெண்ணைப் பூவிழிக்கு அடையாளம் தெரியவில்லை. கன்ன எலும்பும் கழுத்து எலும்பும் துருத்திக்கொண்டு, தாலிக் கயிறே பாரமாகத் தொங்க, கலைவாணி.

"ரத்தமாத் துப்புறா. மாப்ள வூட்ல ஏமாத்திக் கட்டி வெச்சுட்டோம்னு கொண்டாந்து வுட்டுட்டாங்க" என்றாள் குப்பம்மா. அவளுக்கு அழுகை வந்தது. பொய் அழுகையில்லை. "உன்னாலதான் இவளுக்கு ஒட்டிக்கிச்சுனு மாப்ளகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லும்மா. பொண்ணு மேல தப்பில்லனு கூட்டினு போய்டுவாரு. உனக்குத்தான் ஏற்கெனவே பேரு போயிடுச்சே."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"அங்க போனா ஊருக்கே தெரிஞ்சிடாதா?"

கலைவாணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, என்னால முடியல" என்றாள். குரலே இல்லை, மூச்சுதான் வந்தது.

பூவிழி அவளைத் தூக்கி நிறுத்தினாள். கருவாட்டுக் கூடை அளவுகூட கனமில்லை.

"சொல்றேன் அத்த."

குப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்படி."

"நடந்தத நடந்தபடி ஆஸ்பத்திரில வெச்சு சொல்றேன். இவ பேர் எழுதுன டப்பாவுல என்னத் துப்பச் சொன்னது யாருன்னும் சொல்றேன். மாப்ளய அங்க வரச் சொல்லுங்க. இவகூட ஒரே அறையில படுத்தவரு, அவரயும் பாக்கணும். உங்களயும், உங்க புள்ளயயும்."

கலைவாணியை ஆட்டோவில் ஏற்றி, காற்று வரட்டும் என்று பக்கத்துப் படுதாவைச் சுருட்டிக் கட்டினாள் பூவிழி. கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எல்லாம் பாக்குதுங்கடி" என்று பல்லைக் கடித்தாள் குப்பம்மா. "முந்தானையால மொகத்த மூடிக்கோ."

நாத்தனார் இழுத்து மூடிய முந்தானையைப் பூவிழி முகத்திலிருந்து மெல்ல இறக்கினாள்.

"இருமுறப்ப வாயப் பொத்திக்கோ, அது போதும். மொகத்த எதுக்கு மூடணும்?"