மரியாதைக்கு வெட்டிய வட்டம்

தார்ரோட்டில் பிழை எட்டு சென்டிமீட்டர். பற்றைக்குள் ஆறு. ஜொய்சியை உறுத்தியது அந்த ஆறுதான்.

திரையில் அது பச்சை நிறத்தில், பரீட்சையில் முதலாம் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆனால் நிலத்தின் உயரத்தை வானத்திலிருந்து அளக்கிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. ட்ரோன் கீழே அனுப்பும் லேசர் ஒளி, வெட்டவெளியில் மண்ணைத் தொட்டுத் திரும்பும். தேயிலையில் கொஞ்சம் தடுமாறும். றப்பர் மரங்களுக்கு நடுவே இடுக்குப் பார்த்து இறங்கும். ஆளுயரப் பற்றை என்றால் இலைமேலேயே முட்டிக்கொண்டு திரும்பி வந்து, இதுதான் நிலம் என்று பொய்ச்சாட்சி சொல்லும். அதனால்தான் எல்லா வகை நிலத்திலும் முன்கூட்டியே குச்சி நட்டுவைத்து, ட்ரோன் பறந்துபோன பிறகு ஆள் நேரில் நடந்து உயரத்தை அளந்து, வானம் சொன்னதும் கால் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பற்றையில் பிழை கூடத்தான் வேண்டும். மொட்டைத் தலையை விடச் சடைத்தலையில் பேன் பார்ப்பது சுலபம் என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?

கலாநிதி பாக்கியநாதன் நம்பினார். கொழும்பிலிருந்து இறங்கிய அளவைத் திட்டத்தின் தலைவர் அவர். 'டொக்டர்' என்று கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது மந்தமாகிவிடும். வந்த அன்றைக்கே அந்தச் சொல்லை நம்பி ஒரு பெரியவர் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டி மருந்து கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து டொக்டர் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

"பாரும் ஜொய்சி, ஆறு. வெளிநாட்டிலயே இப்பிடி வராது."

"அதான் டொக்டர் பயமா இருக்கு."

"நீர் கெட்ட ரிசல்ட்டுக்கும் பயப்படுறீர், நல்ல ரிசல்ட்டுக்கும் பயப்படுறீர்."

அவர் சிரித்தார். ஜொய்சி சிரிக்கவில்லை. கலவானவுக்கு அப்பால் இருக்கும் இந்தத் தோட்டம் அவள் பிறந்த தோட்டம். ஊரும் தெரியும், சிங்களமும் தெரியும் என்பதால்தான் அளவை உதவியாளராக அவளைக் கூட்டிவந்திருந்தார்கள். அந்தப் பற்றைச் சரிவின் அடியில் கீழ்க்கணக்கு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தது. மழைக்காலம் தொடங்கியபோது லயத்துக்குப் பின்னால் மண் கொஞ்சம் சரிந்து, அங்கிருந்த குடும்பங்கள் எல்லாம் தோட்டப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏறிவந்துவிட்டன. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு டொக்டர் அந்த மண்டபத்தில் கூட்டம் வைத்து, வரைபடத்தைக் காட்டி, சரிவு சீராக இருக்கிறது, எங்கும் இறங்கவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லப்போகிறார். போகிறவர்களில் முதல் ஆள் ஜொய்சியின் அக்கா லூர்தம்மாவாகத்தான் இருக்கும்.

அக்காவைப் பார்க்கக் காலையில் மண்டபத்துக்குப் போனாள். சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. மூன்றாம் வகுப்புக் கரும்பலகைக்கு முன்னால் லூர்தம்மா உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, பின்னேரம் நல்ல சேதிதானே?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா? வெளிய எல்லாம் பேசிக்கிறாங்க. ஒரு கக்கூசுக்கு எத்தன பேரு தெரியுமா? எம்புருசன் இருமுனா அங்கிட்டுப் படுத்திருக்கற ஆறு பேரு முழிக்கிறாங்க. நான் வீட்டுக்குப் போகணும்டி. படிச்சவ நீ இருக்கையில வேற யாருகிட்ட சொல்ல?"

ஜொய்சி உயரம் அளக்கும் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவுக்கு நடந்தாள். வழிகாட்டக் கீழ்க்கணக்குக் கங்காணி மூக்கையா வந்தார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய ஆள். இப்போது மிஸ் என்பதா, புள்ள என்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பற்றை என்று டொக்டர் சொன்னது, சிங்களத்திலும் தோட்டத்திலும் கெகில்ல என்று ஒரே பேரால் சொல்லும் பன்னம், ஒரு பெரணிச் செடி. தேயிலையைக் கைவிட்ட மலையில் அது ஆள் மறைய வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் கிடந்தது. அதற்கு நடுவே சிவப்புக் கொடி கட்டிய குச்சி. குச்சியைச் சுற்றி, நாலைந்து பேர் தாராளமாக நிற்கும் அளவுக்கு ஒரு வட்டம். அதில் ஒரு புல் இல்லை. மண் கூட்டிப் பெருக்கியிருந்தது. சலூனில் பாதியில் எழுந்து வந்தவன் தலை மாதிரி இருந்தது மலை.

ஜொய்சி அப்படியே நின்றுவிட்டாள்.

"இத யாருண்ணே வெட்டுனது?"

"நாங்கதான். பொறவென்ன, பெரியவங்க வந்து நிக்கிற எடம், காடா கெடந்தா நல்லாவா இருக்கும்? தோட்டத்துத் தொரையும் சொன்னாரு, கொடி கண்ட எடமெல்லாம் சுத்தமா இருக்கணும்னு. பத்தைக்குள்ள இருந்த எல்லாக் குச்சிக்கும் வெட்டியாச்சு, மிஸ்."

"எப்ப வெட்டுனீங்க? அந்த ட்ரோன் பறந்ததுக்கு முன்னாடியா, பொறகா?"

"முன்னாடிதான் புள்ள. மேல இருந்து படம் புடிக்கிறான்னாங்க. படத்துல அசிங்கமா விழக்கூடாதுல்ல."

இந்தத் தோட்டத்தில் யார் பெரியவர் வந்தாலும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், வடிகால் கானுக்குள் இருக்கும் குப்பையை அடுத்த கானுக்கு மாற்றுவார்கள், வாசலில் புல் செதுக்குவார்கள். அமைச்சர் வந்தாலும் அப்படி, ஆயர் வந்தாலும் அப்படி. இந்தத் தடவை வந்தது லேசர். அதற்கும் செதுக்கிவிட்டார்கள். பற்றையைச் சோதிக்க நட்ட ஒவ்வொரு குச்சியையும் சுற்றிப் பற்றை இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆறு சென்டிமீட்டர் என்பது மொட்டை மண்ணின் பிழை. வட்டத்துக்கு வெளியே கம்பளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வானத்துக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

"அண்ணே, இந்தக் கம்போட அந்தக் கடைசியப் புடிச்சுக்கங்க. விட்டுறாதீங்க."

வட்டத்தைத் தாண்டி, கீழ்ப்பக்கமாகக் கெகில்லவுக்குள் காலை வைத்தாள். முதல் அடி மண்ணில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது எங்கும் விழவில்லை.

கத்தக்கூட நேரமில்லை. பன்னம் நெஞ்சுவரை விழுங்கியது. காய்ந்த தண்டுகள் கையைக் கிழித்தன. கால் இரண்டும் தொங்கின. கீழே குளிர்ந்த காற்று பாதத்தில் பட்டது. காற்று எப்படி மண்ணுக்குள்ளிருந்து வரும் என்று அவள் மனம் தனியாக, நிதானமாகக் கேட்டது. பிறகு ஒரு சத்தம். யாரோ குடத்தைச் சரித்து ஊற்றுகிற மாதிரி, உள்ளே, ஆழத்தில், தண்ணீர் ஓடியது. மலை வெளியே காய்ந்திருந்தது.

"அசையாத புள்ள," என்றார் மூக்கையா. மிஸ் போய்விட்டது. "அசையாத. இழுக்கிறேன்."

அவர் இழுத்தார். அவள் வட்டத்தில் வந்து விழுந்தாள். பிறகு கம்பை அந்தப் பொத்தலுக்குள் இறக்கிப் பார்த்தாள். அவள் உயரத்துக்கும் மேல் இறங்கியது. அங்கிருந்து இரண்டு பக்கமும் கம்பால் குத்திக்கொண்டே போனார்கள். குத்திய இடமெல்லாம் அதே பள்ளம். சரிவின் குறுக்கே, லயத்தின் நீளத்துக்கும் மேலாக, மலை ஒரு படி இறங்கியிருந்தது. அதன்மேல் கெகில்ல போர்வை போர்த்தி மூடியிருந்தது. வரைபடத்தில் அங்கே வழவழவென்று சீரான சரிவு.

பங்களாவில் டொக்டர் தோட்டத்தை நடத்தும் துரையோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜொய்சி மண் அப்பிய காலோடு வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். துரை தன் தரைவிரிப்பைப் பார்த்தார். டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஜொய்சி, சர்வதேச விதி ஒண்டு இருக்கு. மரஞ்செடி உள்ள இடத்தில நூறு புள்ளி எண்டால் அஞ்சு தவறலாம். உம்மட குழி அந்த அஞ்சுக்குள்ள போயிடும்."

"அந்த அஞ்சுக்குக் கீழதான் டொக்டர் லயம் இருக்கு."

"ஒரு குழிக்காக ஒரு றிப்போர்ட்டை மாத்த ஏலாது. நீர் சொந்த ஊர் எண்டு உணர்ச்சிவசப்படுறீர்."

ஜொய்சிக்கு அவரைப் பார்த்தும் பயம்தான். அவர் எழுதும் ஒரு வரியில் அவள் வேலை போய்விடும். ஆனால் பாதத்தில் பட்ட அந்தக் குளிர்காற்று இன்னும் போகவில்லை. வாதாடி இவரை அசைக்க முடியாது என்று தெரிந்தது. எதால் அசைவார் என்று யோசித்தாள்.

கூட்டத்தில் டொக்டர் வண்ணப்படம் காட்டினார். மழை தூறத் தொடங்கியிருந்தது. தகரக் கூரைச் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. கேட்ட பாதியில் சென்டிமீட்டர் என்ற சொல் நிறைய இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்ற சொல் வந்ததும் லூர்தம்மா அங்கேயே சேலைத் திரையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஜொய்சி எழுந்தாள்.

"டொக்டர், சனங்களுக்குப் படம் வெளங்காது. நீங்களே போய் அந்த மலையில நின்னு காட்டுனா நம்புவாங்க. எதுத்த ரோட்டுல நின்னு எல்லாரும் பாப்பாங்க. ஃபோட்டோவும் எடுக்கலாம்."

ஃபோட்டோ என்றதும் துரை நிமிர்ந்தார். டொக்டர் கழுத்தட்டையைச் சரிசெய்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி வாய் திறந்தது, நூறு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன, வாய் மூடிக்கொண்டது.

சனங்கள் லயம் இருந்த பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ரோட்டில் நின்றார்கள். ஓர் அடி இந்தப்பக்கம் வரக்கூடாது என்று ஜொய்சி சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். டொக்டர் குடைபிடித்து வட்டத்துக்குள் ஏறி, கொடிக்குப் பக்கத்தில் நின்றார். ரோட்டிலிருந்து யாரோ கைதட்டினார்கள். கம்பைப் பிடித்துக்கொண்டு மூக்கையா பின்னால் நின்றார்.

"இன்னும் நாலடி கீழ, டொக்டர்," என்றாள் ஜொய்சி. "உங்க மேப்புல அங்க நெலம் இருக்கு."

டொக்டர் வலது காலைத் தூக்கினார். அப்போது கீழே பார்த்தார்.

அவருடைய இரண்டு சப்பாத்தும் நின்ற தடங்களுக்கு நடுவே, கூட்டிப் பெருக்கிய மண்ணின் குறுக்கே, வகிடு எடுத்தாற்போல ஒரு கோடு ஓடியது. காலையில் அது இல்லை. ஜொய்சிக்கு அது நன்றாகத் தெரியும். அந்த மண்ணில்தான் முகம் குப்புற விழுந்து கிடந்தாள். கோட்டுக்குள் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தேங்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

அவர் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கெகில்ல காற்றில் அசைந்தது. அடியில் அதே குடம் சரியும் சத்தம், இப்போது கொஞ்சம் பெரிதாக.

"ஏன் நிக்கிறாரு?" ரோட்டிலிருந்து லூர்தம்மாவின் குரல்.

டொக்டர் காலை மெதுவாக, வைத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். பிறகு அதையும் எடுத்து, கோட்டுக்கு மேற்பக்கமாக வைத்தார். குடை கையிலிருந்து நழுவிக் கெகில்லவுக்குள் விழுந்தது. கொஞ்ச நேரம் இலைமேல் நிமிர்ந்து நின்ற குடை, ஒருக்களித்து, இலைக்குள் போனது. கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"சப்பாத்து நனையுது," என்றார் டொக்டர், எங்கோ பார்த்து.

"ஹரி மாத்தயா, சரிங்கய்யா," என்றார் மூக்கையா, கம்பை நீட்டி. "புடிச்சுக்கிட்டு மெல்ல வாங்க. ஓடாதீங்க."

கலாநிதி பாக்கியநாதன் கங்காணியின் கம்பைப் பிடித்துக்கொண்டு, குளிக்க வைக்கக் கூட்டிப்போகும் குழந்தை மாதிரி, பின்னாலேயே வந்தார். ரோட்டில் யாரும் கைதட்டவில்லை. நனைந்து நின்ற துரையிடம் அவர், மேலதிக ஆய்வு தேவைப்படுகிறது, அதுவரை ஒருவரும் லயத்துக்குப் போகக்கூடாது என்றார். அதைச் சொல்லும்போது கழுத்தட்டை முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது. யாரும் சரிசெய்யவில்லை.

சனங்கள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினார்கள். லூர்தம்மா மட்டும் நின்றாள். ரோட்டிலிருந்து கீழ்க்கணக்கு லயத்தின் கூரை தெரிந்தது. நாலாவது கதவு அவளுடையது, பச்சைக் கதவு.

"எங்க இட்லிச் சட்டி, அந்தோனியார் படம் எல்லாம் உள்ள கெடக்குடி. ஓடிப்போயி எடுத்துட்டு ஓடியாந்துறவா? அஞ்சு நிமிசம்."

ஜொய்சி கீழே லயத்தையும் மேலே கெகில்லவையும் பார்த்தாள். சிவப்புக் கொடி மழையில் சுருண்டு குச்சியோடு ஒட்டிக் கிடந்தது. அஞ்சு நிமிஷம் இருக்குமா என்று சொல்ல அவள் கையில் எந்த இலக்கமும் இல்லை.

"வேணாம்க்கா," என்று அக்காவின் கையைப் பிடித்தாள்.

லூர்தம்மா கையை உதறவில்லை. அவளும் அப்போதுதான், மழைக்கு அடியில், அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டிருந்தாள்.