மாரீஸ்வரி கட்டிய கயிறு

1

இந்தக் கதை ஒரு துண்டுச் செய்தியில் பிறந்தது. ஒரு மின்சார ஸ்கூட்டரில் கோளாறு இருக்கிறதா என்று அரசு விசாரிக்கிறது. இருந்தால், விற்ற வண்டிகளையெல்லாம் கம்பெனி திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். செய்தியில் ஆளே இல்லை. குடும்பக் கதை எழுதுகிற எனக்கு ஆளில்லாமல் ஒரு வரி ஓடாது. ஆகவே ஒரு வண்டியைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் கொடுத்தேன்.

முதலில் எழுதியது: செக்காலை ரோட்டில் மல்லிகை மணக்க, சதீஷ்குமாரின் தோளைப் பிடித்தபடி மாரீஸ்வரி…

(வேண்டாம். அவன் தொடையில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கிறான்.)

2

பிரேக் பிடித்தும் வண்டி பாய்ந்து சுவரில் மோதியது. வேறு ஊர்களிலும் இதே புகார். ஆனால் அங்கெல்லாம் ராசியில்லாத வண்டி என்று காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். சோதித்துப் பார்க்க மிஞ்சியது சதீஷின் வண்டி மட்டும்.

அரசு அனுப்பிய அதிகாரி ரோகிணி வந்தாள். கம்பெனிக்காரரும் வந்தார், கையில் ஒரு படத்தோடு. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று ஷோரூமில் எடுத்தது. பிரேக் பிடியில் கறுப்புக் கயிறு, அதில் எலுமிச்சம்பழம். கயிறு தடுத்ததால்தான் பிரேக் பிடிக்கவில்லை என்றார்.

(கண்ணாடித் தண்டில் கட்டினால் கீறல் விழும் என்று மாரீஸ்வரியைத் தடுத்து, பிடியில் கட்டச் சொன்னவன் சதீஷ்தான்.)

"அன்னைக்கே அவுத்துட்டேன் மேடம்" என்றான் சதீஷ்.

பொய். மோதிய பிறகு, மாமியார் ஒச்சம்மாள் கண்ணில் படுவதற்குள், அதை அவிழ்த்து எறிந்தவள் மாரீஸ்வரி.

(ரோகிணிக்கும் கம்பெனிக்காரருக்கும் காதல் வைக்கலாமா என்று யோசித்தேன். அவர் பேசிய பேச்சுக்கு மனம் வரவில்லை.)

3

விபத்தன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படியே சோதித்தால்தான் முடிவு செல்லும் என்றாள் ரோகிணி. சோதனை முடிந்த பிறகு பொய் வெளிப்பட்டால் இந்த வண்டியும் விசாரணையிலிருந்து போய்விடும்.

என் நாவல்களில் பெண்டாட்டி, புருஷன் சொன்ன பொய்யைக் காப்பாற்றுவாள். வாசகிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இங்கேயும் அப்படியே எழுதினேன். இரண்டு பத்தி தாண்டவில்லை. கட்டிலருகே அவளை உட்காரவைத்துப் பேசவிட்டேன்.

"எதுக்குப் பொய் சொன்னீக?"

"எங்காத்தா வாயில நீ விழுகணுமா? பேசாம இரு."

"நாளைக்கு வேற யாராச்சும் விழுந்து செத்தா?"

"தப்பு வண்டியிலதேன். கயித்துல இல்ல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தெரியாது. எனக்கும்.

4

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் அவள் சொன்னாள்: "மோதுறப்பக் கயிறு இருந்துச்சு மேடம். கட்டுனது நாந்தேன்."

"கேட்டுக்கிட்டீகளா?" என்றாள் ஒச்சம்மாள். "எம்மகன் கால வாங்குன மகராசி இவதேன்."

ரோகிணி யாரையும் அதட்டவில்லை. புதுக் கயிறும் எலுமிச்சம்பழமும் கொடுத்து, அன்று கட்டியபடியே கட்டச் சொன்னாள். பிடி முழுதாக அழுந்தியும் சக்கரம் சுற்றினால் கோளாறு வண்டியில். பிடி பாதியில் நின்றால் தப்பு கயிற்றில்.

கம்பெனிக்காரர் செல்போனில் படம்பிடித்தார். மாரீஸ்வரியின் விரல்கள் முடிச்சில் நின்றன. கொஞ்சம் தளர்த்திவிட்டால் யாருக்குத் தெரியும்? (இந்த இடத்தில் அவளை நான் நம்பவில்லை. தளர்த்துவாள் என்றே…)

இறுக்கினாள். புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் அன்று எப்படி இறுக்கினாளோ, அப்படி.

தூக்கி நிறுத்திய வண்டியில் பின்சக்கரம் சீறிச் சுற்றியது.

5

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஒச்சம்மாள் வாயடைத்துப் போகிறாள். மற்றதில் மாரீஸ்வரி அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாள். இரண்டையும் அடித்துவிட்டேன், இரண்டிலும் வண்டி என் இஷ்டத்துக்கு ஓடியது.

பிரேக் பிடியிலிருந்து ரோகிணியின் கையை இப்போது எடுத்துவிடுகிறேன். பிடியில் இருப்பது உங்கள் விரல்கள். பாதியில் நின்றால், தப்பு கயிற்றில்தான் என்று எதிரே நிற்கிற மாரீஸ்வரியிடம் நீங்களே சொல்லுங்கள். முழுதாக அழுந்தியும் சக்கரம் நிற்காவிட்டால், இந்நேரம் அதே வண்டியில் பிள்ளையை முன்னால் நிறுத்திப் போகிறவர்களிடம் ஓடுங்கள்.

அவள் கண்ணை மூடவில்லை. அழுத்துங்கள்.