மூடி போட்ட ஜாடிக்குள் ஒரு தட்டான்

1

இந்தக் கதை ஒரு முதுகிலிருந்து தொடங்கியது. குரங்கணி ஆற்றோரம் கோரைத்தண்டைப் பிடித்தபடி ஒரு பூச்சியின் வெறுந்தோல். முதுகில் நீளமாய் ஒரு வெடிப்பு. உள்ளே இருந்த தட்டான் பறந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் இப்படி என்னைவிட்டு இறங்கிப் போகலாமே என்று தோன்றியதுதான் காரணம்.

முதல் வாக்கியம்: மலையில் மழை ஓய்ந்த ஒரு…

(வேண்டாம். மழையில் தொடங்கினால் நனைந்துகொண்டே நின்றுவிடுவேன்.)

2

ஆகவே, ஜன்னத். விலங்கியல் படித்தவள். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் அன்வருக்கு வாக்கப்பட்டவள். வெறுந்தோல்கள் எத்தனையோ பார்த்துவிட்டாள். தட்டான் அதிலிருந்து வெளியே வருவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை விடுவதாயில்லை. ஆற்றோரச் சேற்றிலிருந்து ஒரு தட்டான் குஞ்சை அள்ளிவந்து, கடையில் மாதிரிக்கு ஏலக்காய் போட்டுவைக்கும் கண்ணாடி ஜாடியில் சேற்றுத் தண்ணீரோடு விட்டாள். ஏறிவர ஒரு குச்சியும் நட்டாள்.

* தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் பின்பக்கத்தால் மூச்சு விடும். அவசரமென்றால் அதே வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாயும். இது என் கற்பனையில்லை. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.

3

"கொசுப்புழுவத் தொடவே மாட்டேங்குது மச்சான். வெளிய வர்ற நேரம் வந்துருச்சு."

"நோம்பு வச்சிருக்கோ என்னமோ. பெருநா என்னைக்குன்னு கேட்டுச் சொல்லு."

"காலைலயா இருக்கும். நீங்களும் சோலியப் போட்டுட்டு வந்து பாருங்க."

விடிந்ததும் ஜாடியைப் பார்க்க ஓடிவந்தாள். ஜாடி இறுக்கி மூடியிருந்தது. குச்சி ஒடிந்து வெளியே கிடந்தது. குஞ்சு கண்ணாடியில் ஏறிச் சறுக்கி, ஏறிச் சறுக்கி…

"யாரு மூடுனது?"

"நாந்தேன். தெறந்து கெடந்துச்சு. குச்சி வேற இடிச்சுச்சு. வாசம் போயிருமேன்னு…" சொல்லும்போதே அன்வருக்கு முகம் செத்துவிட்டது.

"சேத்துத் தண்ணிக்கு என்ன மச்சான் வாசம்?"

(அன்வரை வில்லனாக்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை. திறந்த ஜாடியைக் கண்டால் ஏலக்காய் வியாபாரியின் கை, ஆளைக் கேட்காமலே மூடிவிடும்.)

4

வேறு குச்சி தேட நேரமில்லை. ஜன்னத் மூடியைத் திருகி எறிந்துவிட்டு, தன் விரலை உள்ளே விட்டாள்.

"கடிக்கப்போகுது புள்ள!"

"கடிக்கட்டும்."

குஞ்சு விரலைப் பற்றியது. ஏறியது. மெல்லக் கையை வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்தாள். விரல் கணுவுக்கு மேலே வந்து அது அசையாமல் நின்றது. வெகுநேரம் கழித்து முதுகு வெடித்தது. ஆறு கால்களும் விரலைக் கூசவைத்தன. ஜன்னத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கை ஆடும். ஆடினால் அது விழும்.

"மச்சான், சிரிக்க வச்சிராதீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அந்த மூஞ்சிய அங்கிட்டுத் திருப்புங்க."

5

முடிவு அ: தட்டான் ஜன்னலைத் தாண்டி மலைப்பக்கம் பறக்கிறது. (ரொம்ப அழகு. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு ஆ: இறக்கை மடங்கியபடியே காய்ந்துவிடுகிறது. அன்வர் தன் கைகளை…

(இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.)

தலை வந்துவிட்டது, உடம்பும் வந்துவிட்டது. இறக்கைகள் மட்டும் கசங்கிய ஈரத்துணிபோல ஒட்டிக் கிடக்கின்றன. இப்போது யாரும் தொடக்கூடாது. தொட்டால் கோணலாகவே காயும். என் அடுத்த வாக்கியமும் ஒரு விரல்தானே? விலக்கிக்கொண்டேன்.

ஜன்னத் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்வர் சுவரைப் பார்த்து நிற்கிறான், தோள் குலுங்குகிறது. இறக்கை காயும்வரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரிக்க மட்டும் வேண்டாம்.